இடவழித் தகராற்றைப் பேசித் தீர்க்க: சட்ட உதவி மைய மாணவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்லூரிச் சட்ட உதவி மையத்தில் அமரும் மாணவர், என்றாவது ஒரு நாள் இடவழித் தகராற்றை, அதாவது நிலங்களின் ஊடே செல்லும் குறுகிய பாதை பற்றிய தகராற்றை, சந்தித்தே தீருவார். அண்ணனின் ரப்பர் விளை (தோட்டம்) வழியே தம்பி வீட்டுக்குச் செல்லும் பாதை, புதிதாக எழுப்பிய கையாலையால் (எல்லைச் சுவரால்) ஆட்டோ நுழைய முடியாதபடி குறுகிவிட்டிருக்கும். மாற்றுமுறைத் தகராறு தீர்வை, அதாவது வழக்காடாமல் பேசித் தீர்ப்பது போன்ற முறைகளை, இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் கட்டாயச் செய்முறைப் பாடமாக வைத்திருப்பதன் பயன் அப்போதுதான் புரியும்.

முதல் சந்திப்பில் சட்டப் பிரிவு எதையும் சொல்லாதீர்கள். வந்தவரைக் குறுக்கிடாமல் பேசவிட்டு, அவர் கேட்பதையும் அவருக்கு உண்மையில் வேண்டியதையும் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதுங்கள். கையாலையை இடிக்க வேண்டும் என்பது அவர் கேட்பது. படுக்கையில் கிடக்கும் தாயை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி வாசல்வரை வர வேண்டும் என்பது அவருக்கு வேண்டியது. பேச்சு நகர்வதற்கு இடம் இருப்பது பின்னதில்தான். ஒருவருக்கு ஆலோசனை சொல்லிவிட்ட மாணவர் அதே தகராற்றில் சமரசராக அமரக் கூடாது. அப்பொறுப்பைப் பயிற்சி பெற்ற வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து ஆவணங்கள். 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணையும்வரை இப்பகுதி திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்ததால், பழைய பாகப்பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்ற மலையாள நாட்காட்டிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்; கொல்லம் 1120 என்பது 1944–45. மலையாளம் வாசிக்கத் தெரிந்த முதியவர் ஊரில் எப்படியும் கிடைப்பார்; அவர் தகராறுக்காரரின் மாமனாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தை நேரில் அளக்கும்போது, டேப்பின் ஒரு முனையை அண்ணனிடமும் மறுமுனையைத் தம்பியிடமும் கொடுங்கள். மாதக்கணக்கில் பேசாதவர்கள் "இழுத்துப் பிடி" என்றாவது சொல்ல வேண்டி வரும்.

உடன்பாட்டில் "போதிய வழி" என்று எழுதாமல், எந்த விளிம்பிலிருந்து எத்தனை அடி, கையாலையை நகர்த்தும் செலவு யாருடையது, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். கூட்டு உரிமையாளர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். வளைகுடாவில் இருப்பவரின் அதிகாரப் பத்திரம் வரும்வரை காத்திருங்கள். நான் மாணவனாக இருந்தபோது, பங்குள்ள அக்காவைக் கேட்காமல் எழுதிய உடன்பாடு ஒன்று இரண்டே வாரத்தில் குலைந்தது.

வழக்கு தொடுக்கும் முன்பே வட்ட சட்டப் பணிகள் குழு வழியாக இத்தகராற்றை மக்கள் நீதிமன்றத்தில் வைக்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அங்கே பிறப்பிக்கப்படும் தீர்வுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு உண்டு, மேல்முறையீடு கிடையாது. ஆகவே கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசியுங்கள்.