பஸ்தரில் சண்டை ஓய்ந்ததா? செய்தியை வைத்தே கணிப்பது எப்படி

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் உள்ள சுக்மா மாவட்டத்தில் சி.ஆர்.பி.எஃப். ஜவானாக இருந்தவன் நான். மாவோயிஸ்டுகளை ஒழிக்க 2026 மார்ச் 31 என்று ஒன்றிய அரசு கெடு வைத்ததிலிருந்து ஊரில் பலரும் என்னிடம் கேட்பது, "அங்கே எல்லாம் முடிஞ்சுதா?" என்றுதான். செத்தவர் கணக்கை வைத்து அதைச் சொல்ல முடியாது. 2010 ஏப்ரலில் தாட்மெட்லாவில் எங்கள் தரப்பில் 76 பேர் போனார்கள். 2025 மே மாதம் மாவோயிஸ்ட் பொதுச் செயலாளர் பசவராஜுவே அபூஜ்மாட் காட்டில் கொல்லப்பட்டார். அடுத்து என்ன நடக்கும் என்பதை இந்த எண்கள் காட்டாது.

சாலையைக் கவனியுங்கள். தோர்ணாபால் - ஜகர்குண்டா சாலை வேலைக்குக் காவல் நின்ற 25 ஜவான்கள் 2017 ஏப்ரலில் புர்காபாலில் உயிரிழந்தார்கள். தார் போட்டாயிற்று என்ற செய்தி மட்டும் போதாது. காவல் இல்லாமல் ராத்திரியில் ஆம்புலன்ஸ் போகிறதா? சாலையில் கண்ணிவெடி தேடி நடக்கும் ஆர்.ஓ.பி. காவல் குழு காலையில் இன்னும் கிளம்புகிறதா? இலுப்பைப் பூ பொறுக்கப் போன பெண், கால் பட்டால் வெடிக்கும் பிரஷர் குண்டை மிதித்த செய்தி உள்பக்கத்தில் இரண்டு வரியாக வரும். அதைத் தவறவிடாதீர்கள்.

புது முகாம் திறந்தால், ஆறு மாதம் கழித்து அதே ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். ரேஷன் கடை, நர்ஸ், வாத்தியார் வந்தார்களா? முகாமில் நாங்கள் காய்ச்சல் மாத்திரை கொடுத்தோம். சுகாதார நிலையம் செய்ய வேண்டிய வேலை அது.

துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அரசு ஆதரவோடு 2005-இல் தொடங்கிய சல்வா ஜுடும் இயக்கம் கிராமத்தைக் கிராமத்தோடு மோதவிட்டது. பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கி ஆயுதம் கொடுத்தது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலக் காவல்துறையின் இன்றைய டி.ஆர்.ஜி. படையிலும் உள்ளூர்ப் பையன்களும் சரணடைந்த மாவோயிஸ்டுகளும் இருக்கிறார்கள். சண்டை ஓய்ந்தபின் அவர்கள் சொந்த ஊரில் போய்க் குடியிருக்க முடிகிறதா என்று பாருங்கள்.

என்கவுண்டர் செய்தியில் நிதானம் வேண்டும். பெயர், வயது, ஊர் இருக்கிறதா? கிராமத்தார் பேச்சு பதிவாகியிருக்கிறதா? 2012 ஜூனில் சர்கேகுடாவில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று விசாரணை ஆணைய அறிக்கை 2019-இல் வெளிவந்தது. ஏழு வருடம்! சீருடையை நேசிப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அநியாயமாக ஓர் உயிர் போன ஊரில், அடுத்து ரோந்து வரும் ஜவானிடம் குண்டு எங்கே புதைந்திருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

மிசோரத்தில் நடந்த கிளர்ச்சியும் நினைவில் இருக்கட்டும். 1966-இல் ஐஸ்வால் மீது விமானத்திலிருந்து குண்டு வீசினார்கள், ஊர் ஊராகப் பெயர்த்துக் குடியமர்த்தினார்கள். அப்படியும் இருபது வருடம் இழுத்தது. 1986-இல் ஒப்பந்தம் போட்டு, கிளர்ச்சித் தலைவர் லால்டெங்கா முதல்வரான பிறகே அடங்கியது. பஸ்தரில் தலைவர்கள் செத்தோ சரணடைந்தோ போய்விட்டால் அரசு யாரோடு பேசும்? கிராம சபையோடுதான் பேச வேண்டும். பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996-இன் பெசா சட்டமும் 2006-இன் வன உரிமைச் சட்டமும் அதற்கு இடம் தருகின்றன. இனி சுரங்கம் வேண்டாம் என்று ஒரு கிராம சபை தீர்மானம் போட்டால், மாவட்ட நிர்வாகம் அந்தத் தீர்மானத்தை என்ன செய்கிறது என்று விடாமல் பின்தொடருங்கள்.