பீட்டில் எஞ்சினை 1776 சி.சி. ஆக்குவது: பெங்களூருக்கு ஏற்ற கணக்கு

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் 1600 எஞ்சினில் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 85.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 69 மி.மீ. கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மாற்றாமல் 90.5 மி.மீ. பிஸ்டன்–சிலிண்டர் செட் போட்டால் 1776 சி.சி. வரும். மிதமான கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), இரண்டு கார்பரேட்டர், நாலு குழாயும் ஒன்றில் சேரும் எக்ஸ்ட்ராக்டர் சைலன்சர் ஆகியவை சேர்ந்தால், 50 குதிரைத்திறன் எஞ்சின் 75ஐத் தொடும். சி.சி. ஏற்றுவது கஷ்டமே இல்லை, காசு கொடுத்தால் பெட்டியில் வந்துவிடும். கூடுதல் சூட்டை வெளியே தள்ளுவதுதான் வேலை. அதனால் முதல் செலவு ஆயிலுக்கும் காற்றுக்கும், மிச்சத்தில்தான் பிஸ்டன்.

எதையும் வெட்டாமல் அப்படியே சொருகலாம் என்று 87 மி.மீ. செட் (1641 சி.சி.) விற்பார்கள். தவிர்ப்பது நல்லது. கேஸில் (கிராங்கைத் தாங்கும் எஞ்சின் கூடு) உள்ள பழைய துளைக்குள்ளேயே நுழைய வேண்டியிருப்பதால் சிலிண்டர் சுவர் மெலிந்து போகிறது. சூட்டில் வட்டம் கோணும், ரிங் சீல் பிடிக்காது, ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். 90.5க்கு கேஸ், ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) இரண்டிலும் துளையை அகலப்படுத்த வேண்டும். அந்தக் கூலி வீண்போகாது.

எஞ்சினை இறக்குமுன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2021இல் வந்த விண்டேஜ் விதிகளோ, 50 வருஷம் தாண்டியதோடு எஞ்சின், சேசிஸ், பாடி மாறாத வண்டிக்கு மட்டும்தான். ஒரிஜினல் நம்பருள்ள கேஸை வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. ஆர்.டி.ஓ.வில் கேட்டுத் தெளிந்த பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

கேஸ் வேலை

ஸ்பேர் தேட ஜே.சி. ரோடு, மெஷின் வேலைக்கு பீன்யா பக்கம் போகலாம். ஆனால் இந்தக் கேஸ் மெக்னீசியம் கலவை. வார்ப்பிரும்பு பிளாக் மட்டுமே போர் அடித்துப் பழகிய பட்டறையில் கொடுக்காதீர்கள். மெக்னீசியச் சீவல் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றி அணைக்கவும் கூடாது. இதைச் சொல்லும்போது பட்டறைக்காரர் தலையாட்டுகிறாரா முழிக்கிறாரா என்பதிலேயே தெரிந்துவிடும்.

கேஸின் நடு மெயின் பியரிங் இருக்கைதான் முதலில் அடிவாங்கும். தளர்வு தெரிந்தால் மூன்று பெரிய இருக்கைகளையும் ஒரே நேர்கோட்டில் லைன் போரிங் செய்து, ஓவர்சைஸ் பியரிங் போடுங்கள். ஹெட் ஸ்டட் துளைகளுக்கு ஸ்டீல் கேஸ் சேவர் (மரை வெட்டிய உள்குழாய்) போடவில்லையென்றால் சூடேறி ஆறும்போது மரை பிய்ந்து வந்துவிடும். கேஸ் பிரிந்திருக்கும்போதே ஃபுல்-ஃப்ளோ (ஆயில் முழுவதும் வடிகட்டப்படும்) ஆயில் ஃபில்டருக்கான துளையையும் போட்டுவிடுங்கள், பிறகு போட்டால் சீவல் உள்ளே தங்கும். கம்பெனியில் வந்தது வெறும் வலைச் சல்லடைதான், ஃபில்டரே கிடையாது.

கிராங்க் எண்ட் ப்ளே (கிராங்க் முன்பின் நகரும் இடைவெளி) 0.07 முதல் 0.13 மி.மீ. எப்போதும் மூன்று ஷிம் (மெல்லிய இடைத்தகடு). இரண்டு தடித்த ஷிம்மைப் போட்டு அளவைச் சரிக்கட்டக் கூடாது. கவுன்டர்வெயிட் (எதிர் எடை) இல்லாத பழைய கிராங்கே இருந்தால் 4500 ஆர்.பி.எம்.மோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கிராங்க் வளைந்து அதே நடு பியரிங்கைத்தான் இடிக்கும்.

கம்ப்ரஷன்: இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்

கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கு. செட் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் நீங்களே அளக்க வேண்டும். பிஸ்டனை டாப்புக்குக் கொண்டுவந்து, ஸ்டட்டில் குழாய்த்துண்டு கோர்த்து நட் போட்டு சிலிண்டரை இறுக்கிப் பிடியுங்கள். வெறுமனே நிற்கும் சிலிண்டர் சற்றே தூக்கிக்கொண்டு பொய் அளவு காட்டும். மேலே நேர்ப்பட்டை வைத்து, பிஸ்டன் பின் அச்சுக்கு நேரே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். கிடைக்கும் இடைவெளிதான் டெக். நாலு சிலிண்டருக்கும் 1.3 மி.மீ. வரும்படி அடியில் ஷிம் வையுங்கள். 1 மி.மீ.க்குக் கீழே போகவே கூடாது.

அடுத்து ஹெட். வால்வையும் பிளக்கையும் மாட்டி, குழி மேலே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். சின்னத் துளை போட்ட அக்ரிலிக் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டி, மெடிக்கல் கடை 20 மி.லி. சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விடுங்கள். காற்றுக் குமிழ் போகும்வரை ஹெட்டைச் சாய்த்து, குழி நிறையும்போது எத்தனை மி.லி. என்று குறித்துக்கொள்ளுங்கள்.

90.5 போருக்கு ஒரு சிலிண்டர் 443.9 சி.சி. டெக் 1.3 மி.மீ. என்றால் அங்கே 8.4 சி.சி. ஹெட் குழி 55 சி.சி. இருந்தால் கம்ப்ரஷன் 8:1. குழி 50 ஆகச் சுருங்கியிருந்தால் 8.6. பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலுக்கு 8 போதும். நகரத்துக்குள் 8.6 கூட ஓடும். ஏனென்றால் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சுமார் 10 சதவீதம் குறைவு. கீழே இறங்கினால்தான் வண்டவாளம் தெரியும்.

ரிங் இடைவெளி 0.35 முதல் 0.45 மி.மீ.; ஒவ்வொரு ரிங்கையும் அது போகப்போகும் சிலிண்டரிலேயே வைத்து அளக்கவும். பிஸ்டன் அம்புக்குறி ஃப்ளைவீல் பக்கம். ஹெட் நட்டை முதல் சுற்று 10 நியூட்டன்–மீட்டர், பிறகு 10 மி.மீ. ஸ்டட்டுக்கு 32, 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 25. 8 மி.மீ. ஸ்டட்டில் 32 போட்டால் ஸ்டட் இழுபட்டு நீளும்.

கேமுக்கு எங்கிள் கம்பெனியின் டபிள்யூ-100 போதும். டபிள்யூ-110 என்பது அதிக ஆர்.பி.எம்.மில்தான் விழித்துக்கொள்ளும், ஓசூர் ரோட்டில் இரண்டாம் கியரில் ஊர்பவருக்கு அது தலைவலி. டாப்பெட் (கேம் மேல் உரசி நகரும் துண்டு) கட்டாயம் புதிது. பழைய டாப்பெட் புதுக் கேமைத் தின்றுவிடும். ஷிம் வைத்ததால் ஹெட் வெளியே தள்ளிப் போயிருக்கும், பழைய புஷ்ராட் (டாப்பெட்டின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் கம்பி) நீளம் பற்றாது. வால்வு பாதி திறந்த நிலையில் ராக்கர் (வால்வை அழுத்தும் கை) ஸ்க்ரூவும் வால்வு தண்டும் ஒரே கோட்டில் நிற்கும்படி நீளம் பார்த்து வெட்டுங்கள். அலுமினியப் புஷ்ராட்டுக்குக் குளிர்ந்த எஞ்சினில் வால்வு கிளியரன்ஸ் (ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி) 0.15 மி.மீ. குரோமோலி ஸ்டீல் என்றால் கையால் சுழலும் அளவுக்கு ஜீரோ.

காற்றும் ஆயிலும்

கூலிங் ஃபேன் கிராங்கின் பெல்ட்டில் ஓடுவதால் சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது எஞ்சினுக்குக் கிடைப்பது ஐட்லிங் காற்று மட்டும். "பவர் புல்லி" என்று விற்கும் சின்னப் புல்லி இந்த ஃபேனை இன்னும் மெதுவாக்கும், வாங்கவே வாங்காதீர்கள். ஃபேன் உறைக்குள் ஆயில் கூலர் நிற்கும் பழைய மாடலில் 3ஆம் சிலிண்டருக்குக் காற்று குறைவு. 1971 மாடல் முதல் வந்த, கூலர் தனிப் பெட்டியில் இருக்கும் டாக்ஹவுஸ் உறைக்கு மாறுங்கள். சுற்றியுள்ள ரப்பர் சீல், தகடுகள் ஒன்றும் விடுபடக் கூடாது, விடுபட்டால் கீழிருந்து வரும் சூட்டையே ஃபேன் மறுபடி இழுக்கும். ஹீட்டர் பாக்ஸைக் கழற்றினால் ஃபேன் உறையில் அதற்கான இரண்டு வாய்களையும் அடையுங்கள்.

ஆயில் 2.5 லிட்டர்தான் பிடிக்கும், டெம்பரேச்சர் மீட்டர் அவசியம். 110 டிகிரி வரை சரி. 120 தொட்டால் ஓரங்கட்டுங்கள்.

கார்பரேட்டர், பெட்ரோல்

நடுவில் உள்ள ஒற்றை 34 பிக்ட் கார்பரேட்டர் இவ்வளவு சி.சி.க்கு மூச்சுத் திணறும். இரண்டு வெபர் 34 ஐ.சி.டி. போதும். எஞ்சின் சூடானால் அகலம் விரியும், லிங்கேஜ் (இரண்டு கார்பரேட்டரையும் இணைக்கும் கம்பி) இழுபட்டு ஐட்லிங் ஏறும். ஆகவே சூடான எஞ்சினில்தான் இரண்டையும் சமன்படுத்த வேண்டும். பெட்ரோல் பிரஷர் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் கார்பரேட்டரின் நீடில் வால்வு தாங்காது, பெட்ரோல் வழியும்.

இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் உப்பி வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ், கிளிப், டயாஃப்ரம் எல்லாம் புதிதாகப் போடுங்கள். பிளாஸ்டிக் ஃபில்டரை எஞ்சின் அறையில் தொங்கவிடாதீர்கள், பீட்டில் எரிவது பெரும்பாலும் அங்கிருந்துதான். எத்தனால் கலந்தால் மிக்ஸ்சர் லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் குறையும். பெங்களூரின் உயரத்தில் காற்று மெலிந்திருப்பது அதில் கொஞ்சத்தை ஈடுகட்டுவதால் ஊருக்குள் குறை தெரியாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டர் அடியுங்கள். பிடித்ததும் ஐட்லிங் விடாமல் 2000 ஆர்.பி.எம்.மில் 20 நிமிஷம். கேம் அப்போதுதான் பதியும். உடனே ஆயில் மாற்றுங்கள். டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) முழு அட்வான்ஸில், 3000 ஆர்.பி.எம்.முக்கு மேல், 28–30 டிகிரி. 500 கி.மீ. ஆனதும் வால்வு கிளியரன்ஸ் திரும்பப் பாருங்கள்.

சேலம், சென்னை என்று இறங்குவதானால் மெயின் ஜெட்டை (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) ஒரு படி, அதாவது 0.05 மி.மீ. பெரிதாக்கி, டைமிங்கை 2 டிகிரி குறையுங்கள், ஆக்டேன் (நாக்கிங் தாங்கும் திறன்) கூடுதலான பெட்ரோல் ஊற்றுங்கள். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில், ஆள் நிறைந்த வண்டியில், டப்பாவில் சரளைக்கல் குலுக்கும் சத்தம் (நாக்கிங், கலவை தானே வெடிப்பது) கேட்டால் ஆக்சிலேட்டரைத் தளர்த்தி கியரைக் குறையுங்கள். ஆறிய பிறகு 3ஆம் சிலிண்டர் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். பழுப்பு என்றால் நல்லது. வெளுப்பு என்றால் ஜெட் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். போர்சிலின் மேல் மினுக்கும் புள்ளி இருந்தால் அது பிஸ்டனிலிருந்து கிளம்பிய அலுமினியம்; மேற்கொண்டு ஓட்டாமல் ஹெட்டை இறக்குங்கள்.