பிதுருதலாகலையின் உயரத்தை எகிப்திய எண்ணில் எழுதுவோமா?

இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். சதுரக் கொப்பியும் பென்சிலும் எடுங்கள்; பழைய எகிப்தியர் கல்லில் செதுக்கிய மாதிரி இதை எழுதுவோம்.

முழு எண்களுக்கு அவர்களிடம் இருந்தவை ஏழே படங்கள். ஒன்றுக்கு நிமிர்ந்த கோடு. பத்துக்கு, வாய் கீழே பார்த்த லாடம் போல ஒரு வளைவு. நூறுக்குக் கயிற்றுச் சுருள். ஆயிரத்துக்குத் தண்டும் இலையுமாக ஓர் அல்லி (தாமரை என்று பல புத்தகங்களில் இருக்கும், அல்லிதான் சரி). பத்தாயிரத்துக்கு மடங்கிய விரல், இலட்சத்துக்குத் தலைப்பிரட்டை. பத்து இலட்சத்துக்கு, இரு கைகளையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடவுள்.

2,524க்கு இரண்டு அல்லி, ஐந்து சுருள், இரண்டு வளைவு, நான்கு கோடு. எகிப்தியர் பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள். ஆகவே அல்லியை வலப்பக்கத்தில் தொடங்குங்கள். ஐந்து சுருளையும் ஒரே வரிசையில் நீட்டாமல் மேலே மூன்று, கீழே இரண்டு என்று வையுங்கள். நீட்டினால் எண்ணும்போது ஒன்று தவறிவிடும்.

சரிபார்க்க ஒரு வழி: இலக்கங்களைக் கூட்டுங்கள். 2+5+2+4=13, படங்களும் 13 இருக்க வேண்டும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர்தான், ஆனால் அதற்கு 23 படம்! பப்பைரஸ் என்ற நாணல் தாளில் தினக்கணக்கு எழுதியவர்கள் இவ்வளவு வரையவில்லை. அவர்களுக்கு 8க்கே தனியாக ஒரு குறி இருந்தது.

அடிக்கடி வரும் பிழைகள் இரண்டு. 204 எழுதும்போது நடுவில் இடம் விடுவார்கள். தேவையில்லை, பத்து இல்லையென்றால் வளைவு இல்லை, அவ்வளவுதான். மற்றது நம் பழைய தமிழ் எண் தெரிந்த பிள்ளைகளுக்கு வருவது. தமிழில் 300ஐ ௩௱ என்று எழுதினார்கள், மூன்றும் நூறும் பெருகும். அதே நினைப்பில் சுருளுக்குப் பக்கத்தில் மூன்று கோடு போட்டால், எகிப்தியர் அதை 103 என்றுதான் படிப்பார். 300க்கு மூன்று சுருள் வேண்டும்.

கூட்டுவது சுகம். காலை நிறுவையில் 9 கிலோ தேயிலைக் கொழுந்து, மாலையில் 14 கிலோ என்றால், எல்லாவற்றையும் ஒன்றாக வரையுங்கள்: ஒரு வளைவு, 13 கோடு. பத்துக் கோட்டை வெட்டிவிட்டு ஒரு வளைவு போடுங்கள். இரண்டு வளைவு, மூன்று கோடு: 23 கிலோ. வெட்ட மறந்தால் 33 ஆகிவிடும்.

இனி நீங்களே செய்ய ஒன்று. ஏறத்தாழ கி.மு. 3100இல் ஆண்ட நார்மர் மன்னரின் தண்டாயுதத் தலையில் 1,422,000 ஆடுகள் என்று பொறித்திருக்கிறது. அதற்கு ஒன்பதே படம். எவை?