பிள்ளைக்கு வீசிங்கா? முதலில் சட்டையைத் தூக்கிப் பாருங்கள்

குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. ஊரெல்லாம் மூக்கு ஒழுகும் அந்த நாட்களில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு முதன்முதலாக வீசிங், அதாவது மூச்சில் விசில் சத்தம், வந்தால், வீடே காதைத் தீட்டிக்கொள்ளும். நெஞ்சில் காதை வைத்துக் கேட்பார்கள், முதுகில் வைத்துக் கேட்பார்கள். சத்தம் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று பேச்சு ஓடும். பிள்ளை எவ்வளவு சிரமப்படுகிறது என்பதைச் சத்தம் சரியாகச் சொல்லாது, நெஞ்சு சொல்லும்.

படி 1: பாருங்கள், எண்ணுங்கள்

பிள்ளை தூங்கும்போதோ மடியில் அமைதியாக இருக்கும்போதோ வெளிச்சத்தில் வைத்துச் சட்டையைத் தூக்கிவிடுங்கள். மூச்சு உள்ளே போகும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா? கழுத்தடிக் குழி உள்வாங்குகிறதா? மூக்குத் துவாரம் விரிகிறதா?

அப்புறம் கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணுங்கள். வயிறு ஏறி இறங்கினால் ஒன்று. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது. 2 மாதத்துக்குக் கீழே 60, 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே அது வேகமூச்சு, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அழுகையிலும் காய்ச்சலிலும் எண்ணிக்கை ஏறும் என்பதால், அடங்கிய பிறகு மறுபடி எண்ணிக்கொள்ளுங்கள்.

வீசிங் சத்தம் பெரும்பாலும் மூச்சு வெளியே வரும்போது விசிலாகக் கேட்கும். மூக்கடைப்பின் கொர்கொர் வேறு, மூக்கைச் சுத்தம் செய்தால் அடங்கிவிடும்.

படி 2: எப்போது 108

விலாவுக்குக் கீழே ஆழமாகக் குழி விழுவது, உதடோ நாக்கோ நீலம் பாரிப்பது, பால் குடிக்க முடியாமல் விட்டுவிடுவது, பேசும் பிள்ளை இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது. இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். இதைவிட மோசமான ஒன்று உண்டு: இத்தனை நேரம் கேட்ட விசில் நின்றுவிடும், பிள்ளை மட்டும் இன்னும் திணறிக்கொண்டிருக்கும். குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட உள்ளே காற்று ஓடவில்லை என்று பொருள்.

பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கம் இருப்பவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இல்லை. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சளியே இல்லாத பிள்ளைக்குத் திடீரென்று வந்த வீசிங் தனிக் கதை. வேர்க்கடலையோ வறுத்த அயனிச்சக்கைக் கொட்டையோ வாயில் போட்டு இருமிய பிறகு தொடங்கியதென்றால், அது மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம்; அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

படி 3: இது ஆஸ்துமாதானா?

பெரும்பாலும் முதல் தடவையிலேயே சொல்ல முடியாது. சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாய்கள் மிகச் சிறியவை. வைரஸ் சளியில் லேசாக வீங்கி, கோழை சேர்ந்தாலே விசில் கிளம்பிவிடும். ஐந்து வயதுக்குள் சளியோடு வீசிங் வரும் பிள்ளைகளில் பலருக்கு வளர வளர அது நின்றுபோகும். குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்குப் பிள்ளைக்கு ஐந்தாறு வயதாவது ஆக வேண்டும். அதனால் டாக்டர் உங்கள் பேச்சைத்தான் நம்பியிருக்கிறார். சளி இல்லாத நாளிலும் வருகிறதா, ஓடினால் சிரித்தால் இருமுகிறதா, நடுராத்திரியில் இருமி எழுகிறதா, தோலில் கரப்பான் உண்டா, அப்பா அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டா என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.

படி 4: இன்ஹேலரும் ஸ்பேசரும்

"அந்தப் பம்பை வெச்சா பழகிப்போகும் மக்களே, மருந்து வாங்கிக் குடு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கணக்கைப் பார்ப்போம். இழுப்பைத் தளர்த்தும் சால்புடமால் மருந்தின் இன்ஹேலரில் ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம். அரைக் கரண்டி, அதாவது இரண்டரை மில்லி சிரப் என்பது பத்து அழுத்துக்குச் சமம். அதுவும் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்துத்தான் நுரையீரலுக்குப் போய்ச் சேரும். இன்ஹேலர் நேராகப் போகிறது, பழக்கமும் ஆகாது.

சரி, எப்படிக் கொடுப்பது? மூடியைக் கழற்றி இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள். மாஸ்க் பொருத்திய குழாயான ஸ்பேசரின் பின்பக்கம் செருகுங்கள். பிள்ளையை நிமிர்த்தி மடியில் உட்கார வைத்து, மூக்கும் வாயும் மூட, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் மாஸ்க்கைப் பிடியுங்கள். ஒரே ஒரு முறை அழுத்துங்கள். ஸ்பேசரின் வால்வு மூச்சுக்கு மூச்சு அசைவது தெரியும், ஐந்தாறு அசைவுகளை எண்ணுங்கள். அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி அடுத்தது. அவசரத்தில் இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் மருந்து ஸ்பேசருக்குள்ளேயே தங்கிவிடும். எத்தனை அழுத்து என்பது சீட்டில் டாக்டர் எழுதியதுதான். நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வீறிட்டு அழும் பிள்ளைக்கு மருந்து சரியாக உள்ளே போகாது. நன்றாக இருக்கும் நாளிலேயே மாஸ்க்கை விளையாடக் கொடுத்துப் பழக்குங்கள்.

சால்புடமால் சில நிமிடத்தில் இழுப்பைத் தளர்த்தும். புடெசோனைடு போன்றவை தினமும் கொடுத்து வராமல் தடுப்பவை. திணறும் நேரத்தில் அவை உதவாது. இன்ஹேலரின் நிறத்தை நம்பாமல் மருந்தின் பெயரைப் படியுங்கள். தடுப்பு மருந்து கொடுத்த பின் வாயைக் கொப்பளிக்க வைத்து முகத்தைத் துடைத்துவிடுங்கள்.

ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உட்சுவரில் மின்னூட்டம் ஏறி, மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும்.

படி 5: வீட்டுக்குள் என்ன புகைகிறது?

குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதை முதலில் நிறுத்துங்கள். கொசுவர்த்திக்குப் பதில் வலை. சிரட்டையும் கொதும்பும் எரியும் அடுப்பங்கரையில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். பாட்டா பீடியை முற்றத்தில் குடித்துவிட்டு வந்தாலும் சட்டையில் புகை இருக்கும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட் புகைபோடும் வீடுகளில், புகைப்புரைக்கும் பிள்ளை தூங்கும் அறைக்கும் இடையே தூரம் வேண்டும். மழையில் காயாத துணியைப் படுக்கையறையில் தொங்கவிட்டால் சுவரில் பூஞ்சை பூக்கும்.

தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. ஆவி பிடிக்க வைப்பதில் வெந்நீர் கொட்டிப் புண்ணாவதுதான் மிச்சம். சளிக்கு மட்டி வாழைப்பழத்தின் மேல் போடும் பழியும் வீண். அந்தப் பழமே ஒத்துக்கொள்ளாத பிள்ளையைத் தவிர மற்றவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் பையில் எடுத்துப்போய், அங்கேயே ஒருமுறை கொடுத்துக் காட்டுங்கள். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்தால் அவர்கள் கண்ணில் பட்டுவிடும்.