அவரவர் சேர்த்துச் சாப்பிடும் சிற்றுண்டி மேசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டிகைக்கு எட்டுப் பேர் வருகிறார்கள் என்றால் அடுப்படியிலேயே நின்று ரோல்ஸும் கட்லட்டும் பொரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மொறுமொறுப்பாக இரண்டு மூன்று வகை, பூசிக்கொள்ள இரண்டு மூன்று வகை, மேலே தூவக் கொஞ்சம் என்று மேசையில் வைத்துவிட்டால் அவரவர் விரும்பியதைச் சேர்த்துச் சாப்பிடுவார்கள். ஆனால் இது கொழும்பு. தீபாவளி வருவதே ஐப்பசி மழைக்குள். நத்தாருக்கும் புதுவருசத்துக்கும்கூடக் காற்றில் ஈரம் விடுவதில்லை. இப்படிப்பட்ட மேசையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

முதல் தவறு, விருந்தாளிகள் வரும்போது அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து அடுக்கிவைப்பது. காலிமுகத் திடலில் இறால் வடை வாங்கியிருப்பீர்கள். வெட்டிய வெங்காயமும் சோஸும் தனியாக இருக்கும். நீங்கள் கேட்ட பிறகுதான் வடைமேல் விழும். வீட்டு மேசைக்கும் அதே முறைதான். ஈரமானதும் மொறுமொறுப்பானதும் சாப்பிடுபவர் கையில்தான் சந்திக்க வேண்டும்.

அப்பளத்தைக் காலையிலேயே பொரிப்பவர்கள் சூடு ஆறுமுன் டின்னில் போட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே சிக்கிய ஆவி தண்ணீராகி அப்பளத்திலேயே இறங்கும். முழுதாக ஆறிய பிறகு, அடியில் தாள் விரித்த காற்றுப்புகாத டின்னில் வையுங்கள். மேசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வாருங்கள். மரவள்ளிச் சிப்ஸும் அப்படித்தான். சிறிதாகத் தட்டிய கடலைப்பருப்பு வடை அப்பளத்தைவிட நெடுநேரம் தாங்கும். இன்னும் உறுதியானது பாண் கிண்ணம்: ஓரம் வெட்டிய பாண் துண்டைப் பூரிக்கட்டையால் தட்டையாக உருட்டி, இருபுறமும் பட்டர் தடவி, மஃபின் தட்டின் குழிகளில் அழுத்தி, 180 பாகை செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் சுடுங்கள். பட்டர் ருசிக்காக மட்டும் அல்ல. பாணுக்குள் ஈரம் இறங்குவதையும் அது தாமதப்படுத்தும். கிரீம் கிராக்கரிலும் முதலில் மெல்லப் பட்டர் பூசச் சொல்லுங்கள்.

பூசும் வகைகளில் இந்த மேசைக்கு ஏற்றது சீனிச் சம்பல். எண்ணெய்ப் பசையுள்ளது, நீர் வற்றியது. ஆனால் அவசரப்பட்டால் அதுவும் பிஸ்கட்டை நனைக்கும். அரைக் கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லியதாகச் சீவி, 4 மேசைக்கரண்டி எண்ணெயில், குறைந்த தீயில் 35 முதல் 40 நிமிடம் வதக்க வேண்டும். 15 நிமிடத்திலேயே வெங்காயம் கண்ணாடிபோல் ஆகிவிடும். பலர் ஏமாறி இறக்குவது அப்போதுதான். தாச்சியின் சலசலப்பு அடங்கி, வெங்காயம் சுருண்டு செம்பொன்னிறமாகி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை பொறுங்கள். அதன் பிறகே 2 தேக்கரண்டி கட்டைத்தூள் (கரகரப்பாக இடித்த செத்தல் மிளகாய்), 1 மேசைக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், உப்பு. சீனி கடைசியில், 1 மேசைக்கரண்டி. முதலிலேயே போட்டால் வெங்காயம் வேகுமுன் அடிப்பிடிக்கும். ஆறியதும் ஒரு தேக்கரண்டி எடுத்துத் தாளில் வைத்து 5 நிமிடம் பாருங்கள். எண்ணெய் வளையம் மட்டும் தெரிந்தால் சரி. தாள் ஊறி நெளிந்தால் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள்.

இங்கே இன்னொரு பெரிய தவறு இருக்கிறது. சீனிச் சம்பலிலும் கட்டைச் சம்பலிலும் மாசிக் கருவாடு சேர்ப்பது வழக்கம். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் கேட்காமலே எடுத்துவிடுவார். மாசி இல்லாமல் செய்வதே நல்லது. விரும்புவோருக்கு மாசித்தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். கச்சான், இறால், மீன் உள்ள கிண்ணங்களின் அருகே பெயர் எழுதிய துண்டுத்தாள் இருக்கட்டும். கச்சானும் இறாலும் சிலருக்கு ஆபத்தான ஒவ்வாமையைத் தரும்.

தயிரைச் சட்டியிலிருந்து அப்படியே அள்ளிவைத்தால் அரைமணியில் நீர் பிரியும். ஒரு லீட்டர் எருமைத் தயிரைத் துணியில் கட்டி, பிரிட்ஜுக்குள் 4, 5 மணி நேரம் வடியவிட்டால் ஏறக்குறைய பாதி மிஞ்சும். ஒரு பல் உள்ளி, மிளகு சேருங்கள். உப்பு பரிமாறுமுன் மட்டும். கெக்கரிக்காயின் விதைப்பகுதியைக் கரண்டியால் வழித்து, கால் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, 15 நிமிடம் கழித்துப் பிழியுங்கள். தக்காளியின் விதைச்சாற்றை நீக்குங்கள். அன்னாசியைத் தயிரோடு கலந்துவைக்கவே வேண்டாம். சமைக்காத அன்னாசியில் உள்ள நொதியம் பால் புரதத்தைச் சிதைத்துக் கசக்கவைக்கும். உப்பும் கட்டைத்தூளும் தூவித் தனியே வையுங்கள், அல்லது காய்ந்த தாச்சியில் நன்றாகச் சுடவைத்து ஆறவிட்டுச் சேருங்கள். சூட்டில் அந்த நொதியம் செயலிழந்துவிடும்.

அளவில் பிழை வருவது, வகையைக் கூட்டுவதால். பின்னால் இரவுச் சாப்பாடு இருந்தால் ஒருவருக்கு 6 துண்டு போதும். இதுதான் சாப்பாடு என்றால் 10 முதல் 12. எட்டுப் பேருக்கு ஆறு வீதம் 48. ஒவ்வொன்றுக்கும் 2 தேக்கரண்டி வீதம் பூசும் வகைகள் எல்லாம் சேர்த்து அரை லீட்டர். மூன்று வகைக்கு மேல் போனால் எல்லாக் கிண்ணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சி வீணாகும். ஒவ்வொரு கிண்ணத்திலும் தேக்கரண்டியே போடுங்கள். பெரிய கரண்டி போட்டால் முதல் நான்கு பேரோடு தீர்ந்துவிடும். போயா (பௌர்ணமி) நாளில் இறைச்சி வாங்க முடியாது என்பதையும் நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள்.

நேரத்தில் மட்டும் தாராளம் வேண்டாம். தயிர், மயோனைஸ், அவித்த முட்டை, டின் மீன், தேங்காய்ச் சம்பல் ஆகியவை வெளியில் இருக்கக்கூடியது 2 மணி நேரம். அறை 32 பாகையைத் தாண்டினால் 1 மணி நேரம். ஒவ்வொன்றையும் இரண்டு சிறு கிண்ணங்களாகப் பிரியுங்கள். ஒன்று மேசையில், ஒன்று பிரிட்ஜில். முதலாவது குறையும்போது அதன்மேலேயே புதியதைக் கொட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அடியில் கிடந்த பழையது புதியதையும் கெடுக்கும். கிண்ணத்தையே மாற்றுங்கள்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக் கூடத்தில் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் ஒருபக்கம் மட்டும் வரிசை நீளும். நடுவுக்கு இழுத்து, தட்டு, பிஸ்கட், பூசுவது, தூவுவது என்ற ஒழுங்கில் வையுங்கள். நம்மவர்கள் முதலில் கைவைக்கத் தயங்குவார்கள். இரண்டைச் சேர்த்து மாதிரிக்கு வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்த மூத்தவரிடம் “நீங்கள் முதல்ல எடுங்கோ” என்று தட்டை நீட்டுங்கள்.

மேசையில் நேரம் கடந்த தயிரையும் மீனையும் பிரிட்ஜில் திரும்ப வைக்காமல் கொட்டிவிடுங்கள். மிஞ்சிய பாண் கிண்ணங்களை டின்னில் மூடிவைத்து, மறுநாள் நமுத்திருந்தால் 150 பாகையில் 5 நிமிடம் சூடாக்குங்கள். ஆறும்போது மறுபடி மொறுமொறுப்பாகும்.