டீயில் ஊறிய பழ ரொட்டி: முதல்முறை பேக் செய்பவர்களுக்கு அயர்லாந்து பார்ம்பிராக்

அக்டோபர் பிறந்தாலே அயர்லாந்துக் கடைகளில் பார்ம்பிராக் வந்துவிடும். அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு அங்கே வெட்டுகிற பழ ரொட்டி இது. ஈஸ்ட் போட்டுச் செய்வது ஒரு வகை, உலர்பழத்தை டீயில் ஊறவைத்துச் செய்வது இன்னொரு வகை. புதிதாக ஓவன் வாங்கியவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் பிசைய வேண்டாம், பீட்டர் வேண்டாம், மாவில் வெண்ணெய், எண்ணெய் எதுவும் கிடையாது. மென்மை முழுக்க ஊறிய பழத்திலிருந்து வருவதால் ஊறவைப்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். வழக்கமான பார்ம்பிராக்கில் பெரும்பாலும் பருப்பு இருக்காது. இலையுதிர் காலத்தில்தான் புது வால்நட் வரும் என்பதால் நான் சேர்க்கிறேன்.

முதல் நாள் இரவு

கிஸ்மிஸ், கருப்பு உலர்திராட்சை இரண்டும் கலந்து 350 கிராம், நாட்டுச்சர்க்கரை 150 கிராம். ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு, பால் சேர்க்காத சூடான டீ 300 மில்லி ஊற்றுங்கள். டீ நன்றாகக் கடுப்பாக இருக்க வேண்டும், மூன்று டீ பேக் போடலாம். அந்தத் துவர்ப்புதான் பழத்தின் தித்திப்பைத் திகட்டாமல் பிடித்து நிறுத்துகிறது. மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பார்த்தால் சுருங்கிக் கிடந்த திராட்சை உப்பி, தோல் பளபளவென்று இருக்கும், அடியில் கொஞ்சம் பழுப்பு நிறச் சாறு மிச்சம் இருக்கும். அதை வடித்துவிடாதீர்கள், மாவுக்கு வேறு தண்ணீரே சேர்க்கப்போவதில்லை.

மறுநாள்

ஓவனை 170 டிகிரி செல்சியஸில் சூடாக்கப் போடுங்கள் (ஃபேன் ஓவன் என்றால் 150). சுமார் 23 செ.மீ. நீள லோஃப் டின்னில் வெண்ணெய் தடவி பட்டர் பேப்பர் விரியுங்கள். 75 கிராம் வால்நட்டை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறியதும் கையாலேயே உடைத்துக்கொள்ளுங்கள்.

225 கிராம் மைதா, இரண்டரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள், அப்புறம் ஜாதிக்காயும் கிராம்புத்தூளும் துளித்துளி, எல்லாவற்றையும் சேர்த்துச் சலியுங்கள். ஊறிய பழத்தில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி, சலித்த மாவையும் வால்நட்டையும் கொட்டி, மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை மட்டும் கரண்டியால் கிளறுங்கள். அதற்கு மேல் கிளறினால் ரொட்டி ரப்பர் மாதிரி ஆகிவிடும். கலவை கரண்டியிலிருந்து பொத்தென்று விழ வேண்டும், வழியக்கூடாது. இறுகிப் போயிருந்தால் ஒரு ஸ்பூன் டீ விடுங்கள்.

டின்னில் நிரப்பி 60 முதல் 75 நிமிடம் வேகவிடுங்கள். 40 நிமிடத்தில் மேலே கருக்கிற மாதிரி தெரிந்தால் ஃபாயிலால் தளர்வாக மூடுங்கள். குச்சியை இரண்டு இடத்தில் குத்திப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒரே இடத்தில் குத்தினால் திராட்சை ஒட்டிக்கொண்டு வேகாத மாவு போல ஏமாற்றும்.

அயர்லாந்து வழக்கப்படி உள்ளே ஒரு மோதிரம் இருக்கும், அது யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் என்பார்கள். செய்ய ஆசை என்றால், வெந்து ஆறிய ரொட்டியின் அடியில் சின்னதாகக் கீறி, பட்டர் பேப்பரில் நன்றாகச் சுற்றிய மோதிரத்தை நுழைத்துவிடுங்கள். சாப்பிட உட்காரும் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சின்னக் குழந்தைகள் இருந்தால் மோதிரமே வேண்டாம்.

பத்து நிமிடம் டின்னிலேயே விட்டு வெளியே எடுங்கள், முழுக்க ஆறியதும் பேப்பரில் சுற்றி ஒரு நாள் வையுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும், மறுநாள் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். உப்பு வெண்ணெயைத் தாராளமாகத் தடவி டீயோடு சாப்பிடுங்கள். மூன்று நான்கு நாள் கழித்து மிஞ்சியதை டோஸ்ட் செய்யலாம், துண்டு போட்டு ஃப்ரீசரிலும் வைக்கலாம்.