அடுப்படியிலிருந்து முகப்புக்கு: முழுப் பாதையைச் சார்புப் பாதையாக்குவது எப்படி?

அடுப்படியில் நிற்பவருக்கு முகப்புக்கு வழி சொல்ல, காரைக்குடி, தெருப் பெயர், வீட்டு எண் என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. "ரெண்டு கட்டுத் தாண்டி வெளியே வாங்க", அவ்வளவுதான். கோப்புக்கும் நிற்கிற இடத்திலிருந்து வழி சொன்னால் அது சார்புப் பாதை; வேரிலிருந்து, அதாவது எல்லா ஃபோல்டருக்கும் மேலே உள்ள தொடக்கத்திலிருந்து சொன்னால் முழுப் பாதை. இணையதளத்தை வேறு கணினிக்கு மாற்றும்போது முழுப் பாதைகள்தான் முதலில் அறுந்துபோகும்.

நிற்கும் ஃபோல்டர்: /தளம்/ஊர்கள்/ஆத்தங்குடி/பக்கங்கள்
வேண்டிய கோப்பு: /தளம்/ஊர்கள்/தேவகோட்டை/படங்கள்/வளவு

படி 1: இரண்டும் முழுப் பாதைதானா என்று பாருங்கள். நடுவே ஒற்றைப் புள்ளியோ (. என்றால் இதே ஃபோல்டர்) இரட்டைப் புள்ளியோ (.. என்றால் ஒரு படி மேலே) இருந்தால் தீர்த்துவிடுங்கள், கடைசிச் சாய்கோட்டை நீக்குங்கள்.

படி 2: சாய்கோட்டில் வெட்டுங்கள். முதலாவதில் 4 துண்டு, இரண்டாவதில் 5.

படி 3: இடமிருந்து துண்டு துண்டாக ஒப்பிட்டு, முதல் வேறுபாட்டில் நிறுத்துங்கள். இங்கே பொதுவானவை 2.

எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். /தளம்/காரை என்பதில் நின்று /தளம்/காரைக்குடி/படம் தேடினால், 'காரை' பொது என்று கழித்து 'க்குடி/படம்' என்ற விநோதம் கிடைக்கும். சரியான விடை ../காரைக்குடி/படம்.

படி 4: நிற்கும் பக்கம் மிஞ்சிய ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இரட்டைப் புள்ளி, பிறகு இலக்கில் மிஞ்சியவை:

../../தேவகோட்டை/படங்கள்/வளவு

இரண்டு பாதையும் ஒன்றேயானால் விடை ஒற்றைப் புள்ளி.

நிற்கும் இடமாக ஃபோல்டருக்குப் பதில் கோப்பையே கொடுத்தால், கோப்பின் பெயரும் ஒரு கட்டாக எண்ணப்பட்டு இரட்டைப் புள்ளி ஒன்று கூடிவிடும்.

பைத்தான் நிரல்மொழியில் இதையெல்லாம் ஓஎஸ்.பாத்.ரெல்பாத் (os.path.relpath) என்ற கட்டளை செய்துவிடும், முதலில் இலக்கு, பிறகு நிற்கும் இடம். இரண்டாவதை விட்டுவிட்டால் நிரல் அப்போது இயங்கும் ஃபோல்டரையே எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் ஜேஎஸ்ஸின் பாத்.ரிலேட்டிவில் (path.relative) வரிசை தலைகீழ்: நிற்கும் இடம்தான் முதலில். ரெல்பாத் வட்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை, இல்லாத கோப்புக்கும் பாதை தரும். சிம்லிங்க் (வேறொரு கோப்பையோ ஃபோல்டரையோ சுட்டும் இணைப்பு) இருந்தால், முதலில் ரியல்பாத் (os.path.realpath) போட்டு உண்மையான பாதையை எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கென்றே ஒரு வம்பு உண்டு. தேவகோட்டையின் 'கோ'வை, ஓகாரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பீட்டுக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு இரண்டையும் மாற்றுங்கள். ஆனால் கோப்பைத் திறக்கும்போது வட்டில் உள்ள பெயரையே பயன்படுத்துங்கள்.

விண்டோஸில் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்குச் சார்புப் பாதையே கிடையாது. ரெல்பாத் வேல்யூ எரர் (ValueError) என்ற பிழையை எழுப்பும். நோட் சத்தமில்லாமல் முழுப் பாதையைத் திருப்பித் தரும். அங்கே கோப்பை ஒரே டிரைவுக்கு நகர்த்துங்கள், இல்லையேல் முழுப் பாதையோடே விடுங்கள்.